பஷீரின் கியர் நாப்

ஐப்பசி, புதன் இரவு

லப்பைக்குடிக்காட்டு பஷீர் தன் அத்தாவின் அம்பாசிடர் காரை எடுத்துப்போக இன்று என் வீட்டுப் பட்டறைக்கு வந்தார். சீட் உறை, டோர் பேட் எல்லாம் பழைய மாதிரியே புதிதாகச் செய்யச் சொன்னவர், கியர் கம்பியின் தலையில் இருக்கும் குமிழை, அந்த நாப்பை மட்டும் தொட வேண்டாம் என்றிருந்தார். அச்சு எடுத்து வைத்துக்கொள்ளும் ஆசையில் நான் கழற்றினேன். பிளந்துவிட்டது. அதேபோல் ஒன்றை வார்த்து, உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கி மாட்டியிருந்தேன்.

பஷீர் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“அத்தா கை பட்டுப் பட்டுத் தேஞ்சது மேடம். நீங்களும் தொட்டுப் பாருங்க.”

தொட்டேன்.

“ஆமாங்க, வழுவழுன்னு இருக்கு.”

பிளந்த துண்டுகள் என் அலமாரியில் இருக்கின்றன. சொன்னால் அவர் மனம் தாங்காது என்று எனக்கே சமாதானம் சொல்லிப் பார்க்கிறேன். நம்ப முடியவில்லை.