வேப்பிலை கசந்த மத்தியானம்

அண்ணா,

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மளிகைக் கடை வாசலில் ஒரு பெண்ணின் வாயில் வேப்பிலையைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல் சூளையில் வேலை செய்ய ஒரிசாவிலிருந்து வந்தவள். கல் அடுக்குகிற இடத்தில் பாம்பு கடித்துவிட்டதாம். நான் உப்பு வாங்கப் போயிருந்தேன். கசங்கிய இலையின் வாசம் மூக்கில் ஏறியதும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். "வாய்ல இன்னாடா பாக்கற? ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போடா" என்றேன். கடைக்காரன் மிரண்டுபோய்த் தன் வண்டியையே எடுத்தான்.

அந்த வாசம் இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போய் இரண்டு ஆடி கடந்துவிட்டது. எழுதி எந்த விலாசத்தில் போடுவது என்று தெரியவில்லை. ஆனால் எனக்கு எழுதத் தெரியும். அஞ்சாங்கிளாஸ்தான் என்றாலும் இந்த வயசு வரைக்கும் நான் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை.

நான் அஞ்சாங்கிளாஸ் படித்தது ஆந்திரா தனியாகப் பிரிந்த வருஷம். பள்ளிக்கூடம் இனிமேல் அரை நாள்தான், மீதி அரை நாள் பிள்ளைகள் அவரவர் அப்பன் தொழிலைப் பழகவேண்டும் என்று மெட்ராஸிலிருந்து உத்தரவு வந்தது. நம் நைனாவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம். கதர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். படித்தவன் கெட்டுப்போகிறான், விவரம் உள்ளவன்தான் பிழைக்கிறான் என்பார். நம் ஊருக்கு நல்லது செய்வதாகச் சொல்லி, சேரிப் பிள்ளைகள் தொழில் பழக நம் நிலத்தையே விட்டுக்கொடுத்தார். மத்தியான மணி அடித்ததும் அவர்கள் நம் வயலில் களை எடுத்தார்கள், நாற்றுப் பிடுங்கினார்கள். எனக்குத் தொழில் அடுப்படி. அம்மாவோடு நெல் அவித்தேன்.

நீயும் லேசுப்பட்டவன் இல்லை. நம் ஊரிலேயே முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவன் என்பதை யாரையும் மறக்க விடமாட்டாய். லீவில் வந்தால் சாப்பிடும்போதும் கையில் புத்தகம். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சிரிப்பாய். "விவரம் விவரம்னு சொல்றீங்களே நைனா, யோசிக்கறத பாதியில நிறுத்திட்டா அதுக்குப் பேர்தான் விவரம்" என்று ஒருநாள் களத்து மேட்டில் நாலு பேர் முன்னால் சொன்னாய். கூட இருந்தவர்கள் அன்றைக்கே உன்மேல் கருவிக்கொண்டார்கள். அப்போது எனக்கு அது புரியவில்லை. நீ பேசுவதைக் கேட்க ஜோராக இருந்தது, அவ்வளவுதான்.

முனியம்மாவை உனக்கு நான்தான் முதலில் காட்டினேன். என் கிளாஸ். வரிசையின் கடைசியில், சுவர் ஓரமாக உட்காருவாள். என் பக்கத்தில் உட்கார அவளை விடமாட்டார்கள். ஆனால் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நான் எங்கே திக்குவேன் என்று அவளுக்குத் தெரியும். அங்கேயிருந்தே உதட்டை அசைத்துக் காட்டுவாள். வெளியே வந்ததும், "இன்னா பெரிய ஊட்டுப் பொண்ணே, இன்னிக்கும் நான்தான் உன்ன பாஸ் பண்ண வெச்சேனா?" என்று சிரிப்பாள்.

அன்று மத்தியானம் நான் வயலுக்கு மோர் கொண்டுபோனேன். நாற்றங்காலில் குனிந்திருந்தவள் காலை உதறிக்கொண்டு வரப்பில் ஏறினாள். அழக்கூட இல்லை. "இன்னாமோ சுருக்குன்னுச்சு" என்றாள். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி. அவள் அம்மா அடுத்த வயலிலிருந்து ஓடிவந்தாள். யாரோ வேப்பங்கொத்தை ஒடித்து வந்து அவள் வாயில் திணித்தார்கள். விஷம் ஏறியிருந்தால் வேப்பிலை கசக்காது, இனிக்கும், கசந்தால் பயமில்லை. நம் பக்கத்தில் அதைத்தான் எல்லாரும் நம்பினார்கள்.

சத்தம் கேட்டு வந்த நைனா கேட்டார்: "கசக்குதா பாப்பா?"

"கசக்குதுங்க" என்றாள் முனியம்மா. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். அப்போதுதான் நீ வீட்டிலிருந்து ஓடிவந்தாய். வேட்டி ஓரத்தைக் கிழித்து அவள் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாய். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது என்றாய். வண்டியைக் கட்டச் சொன்னாய். பட்டணம் போகிற பாசஞ்சரைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாய்.

"அவளே கசக்குதுங்கறா. நீ இன்னாத்துக்குக் குதிக்கற?" என்றார் நைனா.

"நாக்கு கசக்கறதுக்கும் விஷத்துக்கும் சம்பந்தமே இல்ல நைனா."

"நாக்கு தலையிலதான இருக்குது? விஷம் தலைக்கு ஏறினா கசப்பு தெரியாமப் பூடாதா? இது கூட வெளங்கலைன்னா அப்பறம் இன்னாடா காலேஜி?"

கூட்டம் சிரித்தது. களத்து மேட்டில் நீ சொன்னதற்கு அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பதில் கிடைத்தது. நீ கத்தினாய், இங்கிலீஷில்கூட ஏதோ சொன்னாய். கத்தக் கத்த ஒருவரும் அசையவில்லை. படிப்பு ஜெயிக்கிறதா விவரம் ஜெயிக்கிறதா என்று அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. நடுவில் முனியம்மா புல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். "தூக்கம் வருதுங்க" என்றாள். வெயில் அசதி என்றார்கள். அவள் இமை பாதி மூடி, திறக்க மாட்டாமல் நின்றது. அதைப் பார்த்த பிறகு நீ யாரையும் கேட்கவில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பு வழியாகவே ஸ்டேஷனுக்கு ஓடினாய். அவள் அம்மா மாரில் அடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

கவரப்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் அவள் மூச்சு நின்றதும் ரயில் வந்ததாம். ஏறுகிறவர்கள் ஏறினார்கள், ரயில் போய்விட்டது என்று நீ அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

ஊர் உன்னைத்தான் குற்றம் சொன்னது. கசக்குது என்று வாய் திறந்து சொன்ன பெண், இவன் போட்ட கட்டால் ரத்தம் நின்று செத்தாள் என்றார்கள். கறுப்புச் சட்டைக்காரர்கள் உன்னைத் தேடி வந்தார்கள். மூடநம்பிக்கையை எதிர்த்து நின்ற மாணவன் என்று மேடையில் ஏற்றப் பார்த்தார்கள். நீ போகவில்லை. அடுத்த வாரம் நைனாவின் கட்சிக்காரர்கள் கோயில் எதிரில் கூட்டம் போட்டார்கள். நைனா மைக்கில், "எம்புள்ளையே காலேஜு போனவன்தான். படிப்பு வந்துச்சு, விவரம் வரல. ஒரு உசுரு போயிடுச்சு" என்றார். கை தட்டினார்கள், அண்ணா. அதற்கும் கை தட்டினார்கள்.

நீ கூட்டத்தில் எழுந்து நின்றாய். களத்து மேட்டுக் குரல் இல்லை. அது வேறு குரல்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் நைனா. மத்தியான நேரத்துல அந்தப் பொண்ணு நம்ம நாத்தங்கால்ல இன்னா செஞ்சிக்கினு இருந்தா?"

"தொழிலு கத்துக்கினு இருந்தா" என்றார் நைனா.

"நானும் விவசாயிக்குப் பொறந்தவன்தான. எனக்கு ஏன் அந்தத் தொழிலச் சொல்லித் தரல?"

யாரும் கை தட்டவில்லை. மறுநாள் உன் டிரங்குப் பெட்டி வாசலில் கிடந்தது. இவனுக்குப் படித்தது போதும் என்றார் நைனா. நீ பி.ஏ. முடிக்கவே இல்லை. கூடூரில் ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டைக்குச் சீட்டு ஒட்டியே உன் ஆயுசு போய்விட்டது. அந்த வருஷத்தோடு, பெண்ணுக்கு இது போதும் என்று என்னையும் நிறுத்திவிட்டார்கள். மறு வருஷம் அந்த உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். கறுப்புச் சட்டைக்காரர்கள் வெடி வெடித்தார்கள். மத்தியானப் பள்ளிக்கூடம் திரும்ப வந்தது. சேரிப் பிள்ளைகள் பாதிப் பேர் திரும்ப வரவில்லை. நாற்றங்காலுக்குப் பழகிவிட்டார்கள். முனியம்மாவின் அம்மா சாகும்வரை நம் வயலில்தான் நடவு நட்டாள். வரப்பில் அந்த இடம் வந்தால் மட்டும் சுற்றிக்கொண்டு போவாள்.

நைனா சாவுக்கு வந்தபோதும், என் மகள் கல்யாணத்துக்கு வந்தபோதும், கடைசியாக நான் உன்னைப் பார்க்க வந்தபோதும் நீ என்னிடம் ஒன்றையே கேட்டாய். "நான் ரொம்ப இறுக்கிக் கட்டிட்டனா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியாது.

இப்போது தெரியும். என் பேத்தி திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லி, உன் கதையையும் அவளிடம் சொன்னேன். கட்டு போடக்கூடாதாம். உன் புத்தகமும் தப்பாம். வேப்பிலையும் தப்பாம். "ஆனா அந்தக் கட்டால அவங்க சாகல பாட்டி. சீக்கிரமா போயிருந்தா ஊசி போட்டிருப்பாங்க. நின்னு பேசின நேரம்தான் கொன்னுச்சு" என்றாள். கட்டு இல்லை அண்ணா. இதை நீ இருக்கும்போது கேட்டுச் சொல்லியிருக்கலாம். வீட்டிலேயே நர்ஸை வைத்துக்கொண்டு எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சூளைப் பெண் பிழைத்துக்கொண்டாள். நேற்று போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். கிட்டத்தில் பார்த்தால் சின்னப் பெண். வயசு பன்னிரண்டு என்றாள் பேத்தி. வார்டு முழுக்க அதே பேச்சு. வேப்பிலை வைத்தவன் முட்டாள் என்றார்கள், வண்டி எடுத்த கடைக்காரன் கெட்டிக்காரன் என்றார்கள், என்னைக்கூட அஞ்சாவது படித்த கிழவிக்கு எவ்வளவு விவரம் என்றார்கள். சூளை மேஸ்திரியும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

நான் அவனிடம் உன் கேள்வியைக் கேட்டேன்.

"மத்தியான நேரத்துல இந்தப் பொண்ணு அங்க இன்னாப்பா செஞ்சிக்கினு இருந்தா?"

பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு அவன் வெளியே போனான்.

உன் தங்கை.