நேரக் கட்டுப்பாடு இல்லாத நாட்கள்

அக்டோபர் 7

குழாயில் இன்னும் கலங்கல் தண்ணீர்தான். அதிலேயே துணியை அலசிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். புயல் போய், பின்னாலேயே வெள்ளம் வந்து, வெள்ளமும் வடிந்தாயிற்று. டீசல்தான் வரவில்லை. பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் தண்ணீர் புகுந்து மூடிவிட்டார்கள். இனி மலைக்கு அந்தப் பக்கக் கிடங்கிலிருந்துதான் எங்கள் டேங்கர் லாரிகள் ஏற்றி வரவேண்டும். போக வர ஒரு முழு நாள் ஓட்டம். எந்த வண்டி எப்போது எங்கே போகவேண்டும் என்று சொல்லி அனுப்புவது என் வேலை.

பெட்ரோல் பங்க் வரிசை எங்கள் ஆபீஸ் வாசல் வரை நிற்கிறது. ஒருவர் காரைத் தள்ளிக்கொண்டே வந்து வரிசையில் சேர்ந்தார்.

அக்டோபர் 8

அரசு உத்தரவு வந்துவிட்டது. எரிபொருள் ஏற்றும் லாரிகளுக்கு மாதக் கடைசி வரை நேரக் கட்டுப்பாடு இல்லை. இத்தனை மணி நேரம் ஓட்டினால் கட்டாய ஓய்வு என்பதெல்லாம் கிடையாது. முதலாளி நின்றுகொண்டே சத்தமாகப் படித்தார். கடைசி வரிக்கு முன்னாடி நிறுத்திவிட்டார்.

“சார், அதையும் படிங்க” என்றேன்.

களைப்பாக இருப்பதாகச் சொல்லும் டிரைவரை வண்டி எடுக்கச் சொல்லக் கூடாது - அதுதான் அந்த வரி.

“அது எப்பவும் போடுறதுதாம்மா. எவன் களைப்பா இருக்குன்னு சொல்லப் போறான்?”

ஒருத்தரும் சொல்லவில்லைதான். மின்சாரம் இல்லாமல் ஊரே இருட்டில் கிடக்கும்போது எப்படிச் சொல்வார்கள்? என் அண்ணனும் டிரைவர்தான். “நாங்க எடுக்கலைன்னா யாரு எடுப்பா?” என்று சாவியை வாங்கிக்கொண்டு போனான்.

இந்த உத்தரவு தேவை. அதையும் எழுதிவிடவேண்டும். இது இல்லாவிட்டால் பாதி ஊரில் ஆம்புலன்ஸ் நின்றுபோகும்.

அக்டோபர் 10

சாப்பிட்டேனா என்று யாரோ கேட்டார்கள். ஞாபகம் வரவில்லை.

அக்டோபர் 11

குடிநீர் நிலையத்துக்கு ஒரு லோடு இறக்கியாயிற்று. இறக்கியது ரேடியோ. எங்களிடம் இருக்கும் டிரைவர்களில் மூத்தவர். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். எங்கே இருக்கிறீர்கள் என்று போனில் கேட்டால், சம்பந்தியம்மா கறந்த பாலில் தண்ணீர் கலந்த கதையில் ஆரம்பித்து, கடைசியில்தான் ஊர்ப்பெயர் வரும். இன்றும் அப்படித்தான். திட்டிக்கொண்டே சிரித்தேன். இந்த வாரத்தில் சிரித்தது அப்போதுதான்.

வந்தவர் வண்டியைக் கழுவக்கூட நிற்கவில்லை. திரும்பவும் கிளம்பிவிட்டார்.

அக்டோபர் 13

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் வண்டி ரேடியோவுடையது. மதியம் கூப்பிட்டேன்.

“எங்க இருக்கீங்க, ரேடியோண்ணே?”

“ம்.”

“மலையை இறங்கியாச்சா?”

“ம். டீக்கடை.”

அவ்வளவுதான். கதை இல்லை, கிண்டல் இல்லை. வண்டியை ஓரம் கட்டித் தூங்கச் சொன்னேன். “ஆஸ்பத்திரி…” என்றார். “நான் பாத்துக்கறேன். சாவியக் கழட்டுங்க” என்றேன்.

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன் - எப்படி? மற்ற எல்லாரும் ஓட்டத்தில். அண்ணன் மட்டும்தான் வீட்டில், காலையில்தான் வந்து படுத்திருந்தான். டீக்கடைக்குப் போய் அந்த வண்டியை எடுத்துவரச் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். அண்ணி எடுத்தார்.

“எழுப்ப மாட்டேன்.”

“அண்ணி, ஆஸ்பத்திரிக்கு…”

“செருப்பைக்கூடக் கழட்டாம தூங்குறாரு. ஒருத்தரைத் தூங்கச் சொல்லிட்டு இன்னொருத்தரை எழுப்புறியா? அந்த நாற்காலியில உக்காந்தா நீ தங்கச்சி இல்ல, கம்பெனி.”

வைத்துவிட்டார். நான் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிடத்தான் கை போயிற்று.

முதலாளி கத்தினார். “நிறுத்தச் சொல்ல நீ யாரு? ஆஸ்பத்திரிம்மா அது!”

“கவிழ்ந்தா ஒரு சொட்டுகூடப் போய்ச் சேராது, சார்.”

பிறகு ஆஸ்பத்திரி இன்ஜினியரிடம் உள்ளதைச் சொன்னேன். இன்றைக்கு வராது, விடிந்துதான் வரும், இருப்பதை வைத்துச் சமாளியுங்கள் என்று. நாறடித்துவிட்டார். கேட்டுக்கொண்டேன். கடைசியில், “இதைக் காலையிலயே சொல்லித் தொலைச்சிருந்தா நாலு ஏசியை அப்பவே நிறுத்தியிருப்பேனே” என்றார்.

ஏன் சொல்லவில்லை? வரும் வரும் என்று சொல்லியே பழகிவிட்டது.

அக்டோபர் 14

தூங்கி எழுந்து ரேடியோவே ஓட்டினார், விடிந்ததும் லோடு போய்ச் சேர்ந்தது. ஆம்புலன்ஸ் டேங்கில் குழாய் விட்டு உறிஞ்சி, தீவிரச் சிகிச்சைப் பிரிவை மட்டும் ஓட்டியிருக்கிறார்கள். லிஃப்ட் இல்லாமல் நோயாளிகளைப் போர்வையில் தூக்கி இறக்கினார்களாம். யாரும் சாகவில்லை. ஆனால் மயிரிழை. என்னால்தான் அந்த மயிரிழை என்பதும் உண்மை.

ரேடியோ வந்ததும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

“மேடம், மலை ஏறினது ஞாபகம் இருக்கு. அப்புறம் டீக்கடை. நடுவுல அத்தனை வளைவு. யாரு ஓட்டினது?”

தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

சாயங்காலம் முதலாளி என்னை பில் பிரிவுக்கு மாற்றினார். என் இடத்தில் அவருடைய மச்சான்.

அக்டோபர் 15

அண்ணி, நான் குடியிருக்கும் மாடிக்கு வந்து என் துணிகளை மடித்துக்கொண்டே பேசினார். “அன்னிக்குப் பேசினதைத் திரும்ப வாங்கிக்க மாட்டேன்” என்றார். “வேண்டாம், அண்ணி” என்றேன். கட்டிலில் அவரே எனக்குப் படுக்கையை உதறிப் போட்டார். அழுதேன். அவர் பார்க்காத மாதிரி இறங்கிப் போனார்.

அக்டோபர் 19

ரேடியோ அந்த வளைவுக் கதையை ஒளிக்காமல் எல்லா டிரைவரிடமும் சொல்லியிருக்கிறார். முதலாளியிடமும். நேற்று இருவர், “களைப்பா இருக்கு சார், எடுக்கல” என்று வாய்விட்டுச் சொன்னார்களாம். அதில் ஒருவன் என் அண்ணன்.

அக்டோபர் 21

மச்சான் ஓடிவிட்டார். ‘எல்லாப் பக்கமும் கத்துறாங்க, என்னால ஆகாது’ என்றாராம். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“தூங்கப் போன டிரைவர் வீட்டுக்கு நான் போன் பண்ண மாட்டேன், சார். வராத லோடை வருதுன்னும் சொல்ல மாட்டேன்.”

“பெரிய ஆளாயிட்ட” என்றார். மச்சான் விட்டுப்போன போனை என் பக்கம் தள்ளினார். “சரி, உக்காரு.”

அக்டோபர் 26

மழை. வண்டிகள் தாமதம். காலையிலேயே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், பாதிப் பேர் திட்டினார்கள்.

நவம்பர் 2

நேற்று முதல் பழைய விதி. ஆலை பாதிதான் ஓடுகிறது, வரிசை குறைந்திருக்கிறது, தீரவில்லை.

ஆபீஸை மூடும் நேரத்தில் ஒரு வண்டி முற்றத்தில் லோடோடு நின்றது. டிரைவருக்கு நேரம் முடிந்து வீட்டுக்குப் போயாயிற்று. ஆற்றங்கரை பங்க்காரரைக் கூப்பிட்டேன். திட்டு விழப்போகிறது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

“இன்னிக்கு வராதுங்க. நாளைக்குக் காலையிலதான்.”

“அப்படியா? சரிங்க, காலையில வரட்டும்.”

அவர் வைத்துவிட்டார். போனைக் கீழே வைக்க எனக்குத்தான் கொஞ்ச நேரம் ஆயிற்று.