உன் பேரில் ஒரு ஏலம்

அக்காவுக்குத் தங்கையின் தோத்திரம்.

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போன வருஷம் நீ எனக்கு அனுப்பிய கதைப்புத்தகம் இன்னும் இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வாசிப்பது என்று சொல்லி, வரிக்கு வரி பென்சிலில் தமிழும் எழுதியிருந்தாய். பனிக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்த, ஒரு சிறுமி மட்டும் திறந்து வைக்கும் கதை. அன்று அவளுக்குக் குளிருமே என்று அழுதேன். போன மாதம் மகளுக்காக மறுபடி வாசித்தபோது, சாத்தியவர்கள்மேல்தான் ஆத்திரம் வந்தது.

அப்போது அந்தப் புத்தகத்தை அப்பா பார்த்துவிட்டார். உன் கல்யாணத்துக்குப் பிறகு இந்த வீட்டில் உன் பேச்சே கிடையாது என்பது உனக்குத் தெரியும். எரிக்க மனம் வரவில்லை போலும். அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலில் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலத்தில் பலாப்பழத்தோடும் சேவலோடும் அதையும் வைத்துவிட்டார்.

ஏலம் விடுவது எப்போதும் அவர்தான். நான் கை தூக்கினேன், வேறு யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பேரில் எடுப்பதும், அந்தப் பேரை மைக்கில் சொல்லிப் பொருளைக் கொடுப்பதும் நம் சபை வழக்கம். புத்தகத்தை ஏலத்தில் வைத்தபோது அதை அவர் மறந்துவிட்டார்.

"யாரு பேருலட்டி?" என்று வழக்கம்போலக் கேட்டார் அப்பா.

உன் பேரைச் சொன்னேன். அப்பா மைக்கைக் கீழே இறக்கினார்.

"பேரச் சொல்லும் ஓய், சேவலு காத்துக் கெடக்கு," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

அப்பா உன் பேரைச் சொன்னார். சபை முழுக்கக் கேட்டது.

புத்தகம் இப்போது என் மகளுடையது. உன் பேருக்குக் கீழே தன் பேரை எழுதிக்கொண்டாள். "பெரியம்மா வருவாவளா?" என்று கேட்டாள். அப்பா காதில் விழும்படியே சொன்னேன், கிறிஸ்துமஸுக்கு வருவாவ என்று.

என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

என்றும் உன் தங்கைதான்.