அப்பாவுக்கு ஒரு சுற்றுலாப் பட்டியல்

இன்வர்னெஸ்
ஜூன் 14

அன்பு மகள் மர்சலிக்கு,

இங்கு நலம். உன் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். கைப்பேசியில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் தபால்தலை வாங்க வேண்டியதாயிற்று. கடைக்காரப் பெண் "யாருக்குங்க, காதலிக்கா?" என்றாள். "அதைவிடக் கோபக்காரிக்கு" என்றேன்.

ஆகஸ்டு முதல் வாரம் எனக்கு விடுமுறை. பேருந்து ஓட்டி ஓட்டி முதுகு போயிற்று. இப்போது என்னோடு இருக்கும் பெவர்லிக்கு நம் ரோனசே தீவைப் பார்க்க வேண்டுமாம். கப்பல்துறை ஓட்டலில் அறை போட்டாயிற்று. அம்மாவின் விடுதியில் தங்க வருகிறவர்களுக்கு எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம் என்று நீ பட்டியல் எழுதி அறையில் வைப்பாயே, அதுபோல் ஒன்று இவளுக்கும் எழுதி அனுப்புவாயா? உன் கையெழுத்தில் வந்தால் மகிழ்வாள். நீயும் நானும் பேச அது ஒரு வழியாகவும் இருக்கும்.

நான் வருவதை அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

உன் அன்பு அப்பா,
லாக்லன்


ரோனசே தீவு
ஜூன் 20

மதிப்பிற்குரிய விருந்தாளி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. படித்ததும் வாய் கசந்தது. பல் தேய்த்துவிட்டு மறுபடி படித்தேன். பற்பசையும் கசந்தது.

இந்தத் தீவில் பிறந்து, நாற்பத்து மூன்று வருடம் இதே மழையில் நனைந்த ஒருவர், இங்கே என்ன பார்க்கலாம் என்று பதினைந்து வயதுப் பெண்ணிடம் கேட்கிறார். சொந்த மூக்கு எங்கே இருக்கிறது என்று வழி கேட்பது போல. அதுவும் யாருக்காக? எழுதவே கூசுகிறது.

அப்புறம் அந்தப் "பக்குவமாகச் சொல்லிவிடு". போன நவம்பரிலும் இதைத்தான் சொன்னீர்கள். நான் பள்ளி வண்டியை விட்டு இறங்குகிறேன், நீங்கள் பெட்டியோடு கப்பல்துறையில் நிற்கிறீர்கள். "அம்மாகிட்ட பக்குவமா சொல்லிடு கண்ணு." கப்பல் போயே விட்டது. கப்பலில் வரும் சாமானை எடுக்க நீங்கள் போயிருப்பதாக நினைத்து அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா வரமாட்டாராம்" என்றேன். "ஏன், கப்பல் வரலையா?" என்று கேட்டாள். "கப்பல் வந்துச்சும்மா. அப்பாதான் வரமாட்டாரு." அந்த ஒரு வரியைச் சொன்ன வாயை இன்னும் எதைப் போட்டுக் கழுவுவது என்று தெரியவில்லை.

ஆகவே இந்தத் தடவை சொல்லமாட்டேன். தாங்களே வீட்டுக்கு வந்து, அம்மா முகத்தைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொல்லவும். சொன்னால் அடுத்த கடிதத்தை "அன்புள்ள அப்பா" என்று தொடங்குவேன். அதுவரை தாங்கள் விருந்தாளி. விருந்தாளிக்குப் பட்டியல் தருவது இந்த வீட்டு வழக்கம் என்பதால் தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அறை எண் இரண்டின் தலைமை, துணை, கடைநிலை நிர்வாகி,
மர்சலி


(தனித்தாள்)

ரோனசே தீவில் காண வேண்டியவையும் காணாமல் போனவையும்

ஓட்டல் சாப்பாடு. "இன்றைய சூப்பு" என்று பலகை இருக்கும். எந்த இன்று என்று கேட்கக் கூடாது.

காட்சிமுனை. மூன்று மலையும் கடலும் ஒரே பார்வையில் தெரியும். வண்டியையே வீடாக்கிக்கொண்டு வந்து தங்குகிறவர்கள் தங்கள் கழிப்பறைத் தொட்டியைக் கவிழ்ப்பதும் இங்கேதான் என்பதால் மூச்சு வாங்க வைக்கும் காட்சி என்று சொல்வதற்கில்லை. மூச்சை வாங்காமல் இருப்பதே நல்லது. போன வாரம் ஒரு குடும்பம் டோலினா மாமியின் ஆட்டுப்பட்டிச் சுவரைப் பிரித்துக் கல்மேல் கல்லாகக் கோபுரம் கட்டிப் படம் எடுத்துக்கொண்டது. ஆடுகள் அன்றைக்கே சுற்றுலா கிளம்பிவிட்டன.

வெள்ளை மணல் கடற்கரை. காற்றில்லாத சாயங்காலம், அரைக்கால் சட்டையோடு போகவும். பொடிக்கொசுக்கள் அன்போடு சூழ்ந்துகொள்ளும். லாக்லன் அவர்களை இந்தத் தீவில் இன்னும் தேடுவது அவை மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை. தேவாலயம் தவிர எல்லாம் பூட்டு. அங்கே மூன்றாவது வரிசையில் ஓர் இடம் காலி. ஏழு மாதமாக ஊரே அதைப் பார்த்துக்கொண்டு பாட்டுப் பாடுகிறது.

வடக்கு முனைச் சிற்றாலயம். இடிந்த சுவரின் பொந்துகளில் ஃபுல்மர் கடற்பறவையின் குஞ்சுகள், வெள்ளைப் பஞ்சுப் பொதி மாதிரி. ஆளைக் கண்டு ஓடாது. கை நீட்டும் தூரம்வரை போய்ப் படம் எடுக்கலாம். புதிதாக வருகிறவர்கள் தவறவே விடக்கூடாத இடம். லாக்லன் அவர்களுக்கு இதைப் பற்றி விளக்கம் தேவைப்படாது.


இன்வர்னெஸ்
ஜூலை 3

என் போக்கிரி மகளுக்கு,

திட்டியாவது எழுதினாயே, போதும். உன் கடிதத்தை நான் மட்டும் வைத்துக்கொண்டேன். பட்டியலைப் பெவர்லி குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். "பயங்கர வாய்க்காரியா இருக்காளே உங்க பொண்ணு!" என்று வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டுகிறாள். அந்தக் கடைசி வரியைப் பார்த்து எனக்குப் புரையேறிவிட்டது. எங்கே உன் புத்தி போகிறது என்று தெரியாதா எனக்கு?

நீ சொன்னது சரி. நானே வருகிறேன். ஆகஸ்டு 5, புதன்கிழமை, சாயங்காலம் நான்கு மணி. அம்மாவிடம் பேசுகிறேன். சத்தியம்.

உன் அப்பா,
லாக்லன்


ரோனசே தீவு
ஆகஸ்டு 8

லாக்லன் அவர்களுக்கு,

புதன்கிழமை நடந்ததில் உங்களுக்குத் தெரிந்த பாதி உங்களிடம் இருக்கிறது. மீதிப் பாதியை மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீங்கள் வருவதை நான் சொல்லவில்லை. ஓட்டலில் படுக்கை விரிக்கிற டோலினா மாமி சொல்லிவிட்டாள். அம்மா மூன்று மணிக்குத் தலைவாரி, நீலக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டாள். மேசையில் மூன்று கோப்பை வைத்தாள். ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள். மறுபடி எடுத்து வெளியே வைத்தாள்.

நாலே காலுக்கு முன்கதவில் தட்டும் சத்தம். இந்தத் தீவில் தட்டிக்கொண்டு யார் வருகிறார்கள்? சொந்த வீட்டில் தட்டுகிற அளவுக்கு ஆகிவிட்டாரா என்று எரிச்சலோடு திறந்தேன். முதலில் உள்ளே வந்தது நாற்றம். ஒரு வாரம் வெயிலில் கிடந்த மீனை விளக்கெண்ணெயில் வதக்கியது மாதிரி. அதற்குப் பின்னால் ஓர் அம்மாள். தலைமுடி, கழுத்து, மழைச்சட்டை எல்லாம் மஞ்சள் கொழகொழப்பு. ஒரு கண் மூடியிருந்தது. அறை எண் இரண்டில் தங்கியிருந்தவர்கள் பாதிப் படி இறங்கி, அப்படியே திரும்பி ஏறிவிட்டார்கள்.

"மன்னிச்சிடுங்க" என்றார். "தங்குற விடுதின்னு பலகை பாத்தேன். கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அம்மா ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிட்டாள். "ஃபுல்மரா?"

"பேரெல்லாம் தெரியாதுங்க. பஞ்சு மாதிரி, பாவமா இருந்துச்சு. படம் எடுக்கக் குனிஞ்சேன். துப்பிடுச்சு."

"எத்தனை?"

"மூணு."

"மூணா! எங்க போதகருக்கே ஒண்ணுதான் கெடச்சுது. உள்ள வா பொண்ணே. சட்டைய அங்கயே கழட்டிப் போடு, அது இனிமே நெருப்புக்குத்தான் ஆகும். மர்சலி! பாத்திரம் கழுவுற சோப்ப முழு பாட்டிலாக் கொண்டா!"

குளியல் தொட்டிமேல் குனிந்திருந்த தலை அப்படியே நின்றுவிட்டது.

"மர்சலியா? அப்ப நீங்க…"

"உனா. தலையத் தூக்காத, கண்ணுல சோப்பு போகும்."

"தெரிஞ்சவங்க வீடுன்னாரு. நல்லவங்கன்னு சொன்னாரு."

"தெரிஞ்சவங்கதான். பதினெட்டு வருஷமா."

அம்மா குவளைத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றினாள். பிறகு பெவர்லி சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. முதுகு வலி என்று நீங்கள் காரிலேயே உட்கார்ந்திருந்தீர்களாம். "நீ போய் நிதானமாப் பாத்துட்டு வா" என்றீர்களாம். அவர் திரும்பி வந்தபோது ஜன்னலை இரண்டு விரல் மட்டும் இறக்கினீர்களாம். இருக்கையில் பிளாஸ்டிக் விரித்து ஏற்றிக்கொண்டு, எங்கள் வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமலேயே போய்விட்டீர்களாம். நான்கு மணிக்கு இந்த வாசலில் நிற்கிறேன் என்று சத்தியம் செய்தவர் நீங்கள். வேறொருத்தியை நாற நாற இறக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. "பட்டியல் எழுதினது நான்தான். துப்பும்னு தெரிஞ்சேதான் எழுதினேன்" என்றேன்.

சோப்பு நுரைக்குள்ளிருந்து ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது. "அவருக்குத் தெரியுமா?"

அம்மாதான், "இங்க பொறந்த எல்லாருக்கும் தெரியும்மா" என்றாள்.

பெவர்லி அழவில்லை. "இன்னொரு தடவை அலசிடுங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா நான்கு தடவை அலசினாள். அப்புறம் மேசையில் உட்கார வைத்து அந்த மூன்றாவது கோப்பையில் தேநீர் ஊற்றினாள். வியாழக்கிழமைக் கப்பலில் அம்மாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் தனியாகப் போனார். நீங்கள் ஓட்டலில் இருந்தீர்களாம். டோலினா மாமி சொன்னாள், இரண்டு நாளும் சாப்பாட்டை அறைக்கே வரவழைத்தீர்கள் என்று.

குறும்பு என்னுடையது. மறுக்கவில்லை. ஒரு பெண் தலையில் நாற்றத்தைக் கொட்ட எழுதினேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே குமட்டுகிறது. அந்தத் துணிகளை நான்தான் எரித்தேன், மூக்கைக் கட்டாமல். ஆனால் நான் என்ன நினைத்து எழுதினேன் தெரியுமா? நீங்கள் அவரோடு சுவர்வரை போவீர்கள், "ஏய், கிட்ட போகாத" என்று கையைப் பிடித்து இழுப்பீர்கள், மகள் எப்பேர்ப்பட்ட விஷமக்காரி என்று சொல்லிச் சிரிப்பீர்கள் என்று. அவ்வளவுதான் நினைத்தேன். தெரிந்தும் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

ஏன் தடுக்கவில்லை? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

மர்சலி


இன்வர்னெஸ்
ஆகஸ்டு 15

அன்பு மர்சலி,

கேட்டாய், சொல்கிறேன். உன் குறும்பு பலித்துவிட்டால் உன் கோபம் ஆறிவிடும் என்று நினைத்தேன். பெவர்லி சிரித்துவிட்டு மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவ்வளவு துப்பும் என்று நினைக்கவில்லை. புதன்கிழமை உள்ளே வரத்தான் இருந்தேன். ஜன்னல் வழியாக அந்த நீலச் சட்டை தெரிந்தது. கால் பிரேக்கை விட்டு எழவில்லை.

பெவர்லி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். தொலைபேசியை எடுப்பதில்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதிவிட்டேன். ஆறு பக்கம். இத்துடன் மூடிய உறையில் வைத்திருக்கிறேன். நல்ல நேரம் பார்த்து நீயே அவள் கையில் கொடுத்துவிடு. நீ கொடுத்தால் கிழிக்கமாட்டாள்.

அப்பா


ரோனசே தீவு
ஆகஸ்டு 21

லாக்லன் அவர்களுக்கு,

ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அந்த உறை மூன்று நாள் என் பள்ளிப் பையில் கிடந்தது. நான் திறக்கவில்லை.

நேற்று சமையலறை வரை கொண்டுபோனேன். அம்மா அறை எண் இரண்டின் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாகிட்டருந்து ஒரு கடுதாசி வந்திருக்கு. வேணுமாம்மா?"

"யார் பேருக்கு வந்திருக்கு?"

"என் பேருக்கு. உள்ள உனக்குன்னு ஒண்ணு வெச்சிருக்காரு."

"அப்ப எனக்கு இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு, அந்தத் தலையணை உறையை உதறி, மறுபடி முதலிலிருந்து மடித்தாள்.

அதனால் உங்கள் உறையைப் பிரிக்காமல் இந்தக் கடிதத்தோடு வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். அதன்மேல் நீங்கள் எதுவுமே எழுதவில்லை. பெயர்கூட இல்லை. நானும் எழுதவில்லை. தபால்தலை மட்டும் ஒட்டியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்குத் தபால் வண்டி பத்து மணிக்கு வரும். அப்போது நான் பள்ளியில் இருப்பேன். அம்மாதான் வாங்குவாள்.

அவள் பெயருக்கு ஒன்று வரும்வரை என் பெயருக்கு எழுத வேண்டாம்.

மர்சலி