மூன்றாவது முளை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி மாத்திரைக்கு அடங்குகிறது, என்னுடைய முப்பது வருட வயிற்றெரிச்சல் போன புதன்கிழமை காலை பதினொரு மணியோடு அடங்கிவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். போனில் "விட்டுத் தொலைம்மா, பழங்கதை"ன்னு சொன்னாய். விடவில்லை. திட்டுவதானால் படித்து முடித்துவிட்டுத் திட்டு.

ஏழு பென்சிலை உனக்கு நினைவிருக்கும். நான் வேலை பார்த்த கார்ட்டூன் ஸ்டுடியோவின் முதலாளி, சட்டைப்பையில் எப்போதும் கூர் சீவிய ஏழு பென்சில் செருகியிருப்பான், ஒன்றாவது தேய்ந்து நான் பார்த்ததில்லை. டிவியில் நான் வரைந்த கார்ட்டூன் பொம்மை, நம் குடைக்காரியை ஊரே கொண்டாடியபோது, வரைந்தவர் என்று அவன் பெயர் மட்டும்தான் ஓடியது. அதைக்கூட விழுங்கிக்கொண்டேன். ஆனால் போன மாதம் டிவி பேட்டியில், அவள் விந்தி விந்தி நடக்கிற நடையை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒரு நொண்டி வாத்தைப் பாத்து வரைஞ்சேன்"னு சிரித்தான் பார், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாத்தாம்! ஆறு வயதில் மாவுக்கட்டுப் பிரித்த காலோடு நீ சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்த நடையடி அது. வலது காலை ஊன்றப் பயந்து சற்று நேரம் தூக்கியே வைத்திருப்பாய், பிறகு பொத்தென்று போட்டு, இடது காலால் ஒரு தத்து. ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றையும் கேமராவில் இரண்டு முறை பிடிப்பார்கள். அந்தப் பன்னிரண்டையும் நீ நடக்க நடக்க நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போட்டேன். நீ தடுமாறி விழப்போனபோதுகூட எழுந்து வந்து பிடிக்காமல் ஏழாவது படத்தை முடித்த பாவி நான். அது இன்னும் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. அதைப் போய் ஒரு வாத்துக்குக் கொடுப்பானா?

புதன்கிழமை அவனுக்குப் பாராட்டு விழா. பழைய ஆட்கள் என்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள், கைதட்ட ஆள் வேண்டாமா. அழைப்பிதழில் போட்டிருந்தபடியே உள்ளே ஒரு கண்காட்சி, கண்ணாடிப் பெட்டியில் என் முதல் பென்சில் படங்கள் பன்னிரண்டும், கீழே அவன் பெயர், பக்கத்தில் அவனுடைய பழைய ஸ்டுடியோ மேசை. தாள் அசையாமலிருக்க அடியில் மூன்று ஓட்டை போட்டு, மூன்று முளை வைத்த இரும்புப் பட்டையில் மாட்டி வரைவோம் அல்லவா. ஸ்டுடியோ பட்டையை வீட்டுக்குத் தரமாட்டான் அந்தக் கஞ்சன், அதனால் அப்பா தன் லேத் பட்டறையில் ஒரு பட்டையும் ஓட்டை போடுகிற கருவியும் செய்து கொடுத்தார், இரண்டிலும் மூன்றாவது முளை ஒரு நூல் தள்ளிப்போயிற்று. "வேற செஞ்சு தரேன்"னார், நான்தான் இருக்கட்டும் என்றேன். அதில் போட்ட படத்தைப் பார்த்து ஸ்டுடியோ தாளில் திரும்பச் சுத்தமாக வரைந்து கொடுப்பேன். வீட்டில் போட்ட அந்த முதல் படங்களையும் அவனே வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டான். மாட்டி வரைந்தவனுக்கல்லவா ஓட்டை கோணல் என்று தெரியும்?

டிவிக்காரர்கள் சுற்றி நின்ற நேரம் பார்த்து, தேன் ஒழுகச் சொன்னேன், "சார், உங்க மேசைப் பட்டையில மாட்டி ஒரு தடவை புரட்டிக் காட்டுங்களேன், குடைக்காரி நடக்கட்டும்"னு. உச்சி குளிர்ந்துவிட்டது அவனுக்கு. பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஒன்பதாவது படத்தை எடுத்து மாட்டினான். இரண்டு ஓட்டை இறங்கியது, மூன்றாவது இறங்கவில்லை. தாளைத் திருப்பினான், நீவினான், அழுத்தினான், ஓரம் கிழிந்தது. என் படம்தான், கிழியட்டும் என்றிருந்தது எனக்கு. கூட வந்திருந்த அப்பா, நான் சொல்லி எடுத்து வந்திருந்த நம் வீட்டுப் பட்டையைத் தோள்பையிலிருந்து எடுத்து, சுற்றியிருந்த துண்டைப் பிரித்து வைத்தார். பன்னிரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் போய் உட்கார்ந்தன. விரலிடுக்கில் வைத்துப் புரட்டினேன், அத்தனை பேர் முன்னாலும் நீ நடந்தாய். டிவிக்காரப் பெண் அவனைப் பார்த்து, "அப்போ இது யார் சார் வரைஞ்சது?"ன்னு கேட்டாள். அவன் கை சட்டைப்பைப் பென்சில்களைத் தடவிக்கொண்டிருந்தது.

பிறகு ஓரமாக வந்து, "ஏம்மா, தனியா பேசித் தீத்திருக்கலாமே, எனக்கும் வயசாயிடுச்சு"ன்னு இழுத்தான். எனக்கு மட்டும் வயது இறங்கிக்கொண்டா போகிறது? வாத்துக் கதை சொன்ன அதே டிவி நிகழ்ச்சியில் வந்து உண்மையைச் சொல்லு என்றேன். அடுத்த ஞாயிறே சொல்கிறேன் என்றான், "அந்த வாத்து விஷயத்தை மட்டும் விட்டுடலாமே"ன்னு கெஞ்சினான். வாத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று வாசகத்தை என் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று தடவை போன் செய்துவிட்டான், எடுக்கவில்லை. அவனை மன்னிக்கச் சொல்லி நீ எழுதாதே, எழுதினால் பதில் வராது. வீட்டுக்கு வந்ததும் அப்பா, "இப்பவாவது அந்த முளையை நேராக்கிடவா?"ன்னு கேட்டார். கை வைக்கக்கூடாது என்றுவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குளிரில் வலது காலுக்கு எண்ணெய் தேய்க்க மறக்காதே. நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் ஊர் டிவி சேனலை அங்கே எப்படியாவது பிடித்துப் பார். அவன் வாயால் உன்னைப் பற்றிச் சொல்வான்.

இப்படிக்கு,
அன்று எழுந்து வந்து பிடிக்காத உன் அம்மா