தலை எண்ணி முடிப்பதற்குள்

ஞாயிறு இரவு, படப்பை.

அந்தமானிலிருந்து வீடு திரும்பியும் என்மேல் எனக்கே எரிச்சல் தீரவில்லை. நேற்று எங்கள் பாய்மரப் படகின் அருகே கம்பெனி பஸ் நீளத்துக்கு ஒரு திமிங்கலச் சுறா வந்தது. மூச்சுக்குழல் மாட்டி அதனோடு நீந்தத்தான் இந்த வயதில் நீச்சலே கற்றேன். ஆனால் ஒரகடம் ஆலையில் நான் பாதுகாப்பு அதிகாரி; அந்தப் புத்தி விடுமா? என்னோடு சுற்றுலா வந்த, ஆலையின் உற்பத்தி லைனில் வேலை செய்யும் எட்டுப் பெண்களையும் வரிசையில் நிறுத்தி, லைஃப் ஜாக்கெட் வாரை இழுத்துப் பார்த்து, தலை எண்ணினேன்.

"இன்னா மேடம், கம்பெனில மாரி சுறாவாண்டயும் ஒரு கையெழுத்து வாங்கிக்கினு எறங்கலாமா?" என்றாள் செல்வி. சிரித்துவிட்டு மறுபடி எண்ணினேன்.

இறங்கியபோது வெறும் தண்ணீர்தான் இருந்தது.

"போவட்டும் மேடம், அல்லாரும் பத்திரமா கீறோமே" என்றாள் அவளே. ஆலையில் தினமும் நான் சொல்கிற வசனம். கேட்கச் சகிக்கவில்லை.