வேல்ஸில் நான் தனியே நடந்த மத்தியானம்

நடந்தபடியே போய்விட்ட என் பாக்கியம் அக்காவுக்கு,

அங்கே எப்படி இருக்கிறீர்கள்? அங்கேயும் ஓரிடத்தில் இருக்கமாட்டீர்கள் என்று தெரியும். நான் இங்கே நோர்வேயில், ஸ்டோவ்னரில், மகன் வீட்டில், ஏழாம் மாடியில்தான் இருக்கிறேன். அம்மருட் தெருவில் தனியே நடந்துபோகையில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த நாளிலிருந்து மகன் என்னைத் தனியே வெளியில் விடுவதில்லை. "பாக்கியம் மாமிக்கு நடந்தது தெரியும்தானே" என்பான். அதற்கு மேல் கதை இல்லை. உங்கள் சாவு என்னையும் வீட்டோடு கட்டிப்போட்டுவிட்டது, அக்கா.

குறை சொல்லவும் வாய் வரவில்லை. மருமகள் தேத்தண்ணீரைக் கையில் கொண்டுவந்து தருகிறாள். ஆனாலும் யன்னலால் பார்க்கையில், கீழே நாயோடு போகிற கிழவியைக் கண்டால் பொறாமையாக இருக்கிறது.

ஆனி மாதம் லண்டனில் தம்பியின் மகளுக்குக் கலியாணம். முடிந்ததும் மகன் எங்களைக் காரில் வேல்ஸுக்குக் கூட்டிப்போனான். சின்னஞ்சிறு ஊர். கல் வீடுகள், ஒரு ஆறு, மலை முழுக்கச் செம்மறிகள். வாடகை வீட்டில் மத்தியானம் சாப்பிட்டதும் எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் சேலைக்கு மேல் சுவெற்றரைப் போட்டுக்கொண்டு மெல்ல வெளியே இறங்கினேன்.

இரண்டு பக்கமும் பாசி பிடித்த மதில். வெயிலோடு தூறலும் விழுந்தது. எதிரே வந்த கிழவர் தொப்பியைத் தொட்டு ஏதோ சொன்னார். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அது இங்கிலீசா, அவர்களுடைய சொந்தப் பாஷையா என்று தெரியவில்லை. "தக்" என்று நோர்வே பாஷையில் நன்றி சொன்னேன். அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

தேவாலயக் கதவு திறந்திருந்தது. எந்தச் சாமியானாலும் சாமிதானே. சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய் இருந்தேன். கல் தரை, காலில் குளிர் ஏறியது. நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியாது. எழும்ப மனமில்லை.

வெளியே வந்தால் சப்பாத்தைக் காணோம். முற்றத்தில் ஆலயத்துக்குக் காசு சேர்க்கப் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தார்கள். யாரோ கொடுத்துவிட்டுப் போனது என்று நினைத்து என்னுடையதையும் மேசையில் அடுக்கிவிட்டார்கள். ஒரு நெட்டைப் பெண் ஒன்றைக் காலில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தி தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த சப்பாத்து, விடுவேனா? வெறுங்காலைத் தூக்கிக் காட்டினேன். சிரித்துச் சிரித்துச் சப்பாத்தைத் தந்தார்கள். கதிரை போட்டுத் தேத்தண்ணீரும் கேக்கும் தந்தார்கள்.

அப்போதுதான் மகன் பேத்தியோடு ஓடிவந்தான். முகத்தில் இரத்தமில்லை.

"அம்மா, சொல்லாமல் எங்க வந்தனீங்கள்? துலைஞ்சு போனியள் எண்டெல்லோ நினைச்சம்."

"நான் துலையேல்லையடா. சப்பாத்துத்தான் துலைஞ்சது."

"அப்பம்மா, கேக்கிலை எனக்கும் ஒரு துண்டு" என்று பேத்தி சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. வீடு வரும்வரை என் கையை விடவுமில்லை.

இப்போது வேலையிடத்திலிருந்தும் போன் எடுத்து "எங்க நிக்கிறீங்கள்?" என்று கேட்கிறான். வீட்டுப் போனை எடுத்தவள் வேறெங்கே நிற்பாள்?

ஒன்று கேட்க வேண்டும், அக்கா. விழுகிறபோது உங்களுக்குப் பயமாக இருந்ததா? இல்லை, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு போகிறேனே என்று இருந்ததா?

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டுத் திவசம். உங்கள் மகள் அம்மருட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். மகனுக்கும் வீட்டில் மற்றவர்களுக்கும் அன்று வேலை. நேற்றுச் சாப்பிடும்போது மகனிடம் சொல்லிவிட்டேன்.

"நான் தனிய ரெயினிலை போறன்."

"வழி தெரியுமோ?"

"ரொம்மன் ஸ்ரேசன் தாண்டிப் போக, அம்மருட் எண்டு ரெயினுக்குள்ளை அவங்களே சொல்லுவாங்கள். காது கேக்கும்தானே."

"பாக்கியம் மாமியும் இப்பிடித்தான்..."

"ஓம். அவ நடந்துகொண்டு செத்தவ. நான் இருந்துகொண்டு சாகிறன், தம்பி."

மகன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு, "உங்களிட்டைத் திறப்பும் இல்லை. கதவு தானாப் பூட்டுப்பட்டால் திரும்பி உள்ள வரேலாது" என்றான். எனக்கும் ஒரு சாவி செய்து தருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருவேன், அக்கா. கதவு என் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொள்ளட்டும். திரும்பி வந்து, அவர்கள் வரும்வரை படியில் இருப்பேன்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
செல்லம்